வலி தெரியாத பாதங்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

வலி நீங்க வேண்டும் என்றுதான் மக்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆனால் எங்கள் தொழுநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருடைய குறையே வேறு. அவர்களுக்கு வலி தெரிவதில்லை. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதையும், அதன் மூலம் ஆண்டவர் எங்களுக்குக் கற்பித்ததையும் இம்மடலில் பகிர்ந்துகொள்கிறோம்.

தொழுநோய்க் கிருமி, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தாக்குகிறது. கைகால்களில் உணர்ச்சி மறைந்துபோகிறது. விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் முற்காலத்தில் எண்ணினார்கள். மிஷனெரிப் பெற்றோருடன் கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அதை ஆராய்ந்தார். சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும், முள் குத்தியது தெரியாமல் நடப்பதும், புண்ணின் மேலேயே மீண்டும் மீண்டும் ஊன்றுவதுமே அழிவுக்குக் காரணம் என்று எடுத்துக்காட்டினார். வலி இல்லாததே ஆபத்து.

இதை அவர் தம் சொந்தச் சரீரத்திலும் ஓர் இரவு உணர்ந்தார். நீண்ட பிரயாணத்துக்குப்பின் லண்டனில் தங்கியிருந்தபோது குதிகால் மரத்திருப்பதைக் கண்டு, ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் கலங்கினார். காலையில் மறுபடியும் குத்தினார். வலி தெரிந்தது! அந்த வலிக்காகத் தேவனை ஸ்தோத்திரித்தார்.

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் 6 மாதத்திலோ 12 மாதத்திலோ நோய் குணமாகிறது. ஆனால் செத்துப்போன நரம்பு பிழைப்பதில்லை. பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் நீங்கியதாக 2005-ல் நம் நாடு அறிவித்தது. எனினும் 2023-ல் மட்டும் நம் தேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. உணர்ச்சி போனபின் வருகிறவர்கள், சுகமான பிறகும் ஆயுசுள்ளவரை தங்கள் பாதங்களைத் தினமும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் சுமார் 20 நிமிடம் ஊறவைத்து, காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அணிய வேண்டும். வலி செய்யவேண்டிய வேலையைக் கண்கள் செய்ய வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன்பே சுகம் பெற்றவர். காலை ஜெபத்துக்கு எல்லோருக்கும் முந்தி வந்து, கடைசி வரிசையில் உட்காருவார். சென்ற கோடையில் ஒருநாள், வராந்தாவைத் துடைக்கும் சகோதரி தரையில் இரத்தக் கறைகளைக் கண்டு அவற்றின் வழியே போனார். கறைகள் பெரியவரிடத்தில் போய் முடிந்தன. தேய்ந்த செருப்பைத் துளைத்து ஓர் ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. அவரோ பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

புதுச் செருப்பு ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தோம். “எல்லாருக்கும் வேலை இருக்குது ஐயா. எனக்குந்தான் வலிக்கலையே” என்றார். புண் எலும்புவரை போய்விட்டது. எவ்வளவு முயன்றும் கட்டை விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் செருப்பு பல வாரங்களாகவே தேய்ந்திருந்தது. தினமும் காலையில் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அவர் அருகே கடந்துபோனவர்கள் நாங்கள். அவருடைய நரம்பு செத்தது நோயினால். எங்களுக்கு என்ன சாக்கு? பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 12-ம் அதிகாரத்தில் சபையைச் சரீரத்துக்கு ஒப்பிடுகிறார். ஓர் அவயவம் படும் பாடு மற்ற அவயவங்களுக்குத் தெரியாவிட்டால் அந்தச் சரீரம் வியாதிப்பட்டிருக்கிறது என்பதை, தொழுநோயாளிகளின் நடுவே ஊழியம் செய்யும் நாங்களே மறந்திருந்தோம்.

அதுமுதல் காலை ஜெபம் முடிந்ததும் மரத்தடியில் தண்ணீர்ப் பேசின்கள் வைக்கப்படுகின்றன. சுகம் பெற்றவர்கள் பாதங்களை ஊறவைக்கிறார்கள். டாக்டரானாலும் குமாஸ்தாவானாலும், முறைப்படி ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதத்தையும், செருப்பையும் பார்க்கிறார். முதல் நாளில் பெரியவர், “நீங்க என் காலைத் தொடவேண்டாம் ஐயா” என்று பேதுருவைப்போல் காலை இழுத்துக்கொண்டார். இப்போது தாமாகவே நீட்டுகிறார். யோவான் 13-ம் அதிகாரம் எங்களுக்குப் பெரிய வியாழக்கிழமைக்கு மட்டும் உரிய வேதபாகமாக இல்லை.

அன்பானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கைகள் செருப்பாகவும் மருந்தாகவும் இவர்களைச் சேருகின்றன. அதற்காக நன்றி செலுத்துகிறோம். இன்று இரவு உங்கள் குடும்ப ஜெபத்துக்கு முன், ‘இந்த வீட்டில் யாருடைய வலி இன்று எனக்குத் தெரியாமல் போயிற்று?’ என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வலிக்கவில்லை என்று சொல்லுகிறவர்களையே முதலில் பாருங்கள். எங்கள் கண்கள் திறந்திருக்கும்படி எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி ஊழியர்கள்