பழசானது ஃபோனா, பேட்டரியா?

திரையில் 40 சதவீதம் சார்ஜ் காட்டும். கேமராவைத் திறந்ததும் ஃபோன் அணைந்துவிடும். சார்ஜரில் செருகி ஆன் செய்தால், கிட்டத்தட்ட அதே சதவீதம் மறுபடி வந்து நிற்கும். ‘இது அவ்வளவுதான்’ என்று புது ஃபோன் விலையை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் பழுதானது பேட்டரி மட்டும்தான்.

லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது, லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. அந்தக் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று முதல் சில சார்ஜிலேயே உருவாகிவிடும். உள்ளிருக்கும் மின்பகுதிரவம் தொடர்ந்து சிதையாமல் காப்பது அதுதான். ஆனால் போர் தண்ணீர் ஓடும் குழாயில் உப்பு படிவதுபோல, ஆண்டுக்கணக்கில் அந்தப் படலம் தடிக்கிறது. கொஞ்சம் லித்தியத்தையும் விழுங்கிவிடுவதால் கொள்ளளவு குறைகிறது, உள்மின்தடை கூடுகிறது. கேமராவும் பிராசஸரும் ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து ஃபோன் அணைகிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் ஃபோனை வைப்பது இந்தத் தேய்மானத்தை இன்னும் விரைவுபடுத்தும்.

பழைய ஐஃபோன்கள் இப்படித் திடீரென அணையாமலிருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புது பேட்டரி போட்டதும் பலருடைய ஃபோன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. ஃபோன் மந்தமானால் முதலில் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். ஐஃபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐஃபோன் 15க்கு அது 1000 சுற்று. தினமும் பாதி சார்ஜ் செலவழித்தால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். பின்மூடி உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்: சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், உடனே சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் செலவே இல்லாமல் தீரவும் வாய்ப்புண்டு. சட்டைப்பையின் பஞ்சு சார்ஜிங் போர்ட்டில் அடைத்திருக்கலாம். ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

டிஸ்ப்ளே உடைந்தால் கணக்கு வேறு. கண்ணாடியும் ஓஎல்இடி பேனலும் ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் முழு காம்போவையே மாற்றச் சொல்வார்கள். அப்போது நான் முதலில் பார்ப்பது, அந்த ஃபோனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பதை. அப்டேட் நின்றுபோன ஃபோனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. எந்த ஸ்பேர் பார்ட்டும் அதைச் சரிசெய்யாது. அந்த ஃபோனையே மாற்றிவிடுவது நல்லது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு 7 ஆண்டு அப்டேட் உறுதி தரப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஃபோனுக்கு நான்காம் ஆண்டில் பேட்டரி மாற்றுவது வீண் செலவே அல்ல.

மாற்றும்போது கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: திறந்த ஃபோனுக்கு நீர் புகாத பசைப்பட்டையைப் புதிதாக ஒட்டித் தருவீர்களா? இல்லை என்றால் அந்த ஃபோனை அதன்பிறகு மழையில் எடுக்காதீர்கள்.