பெயரடைவில் அகப்படாத முன்னோர்

பதுளைப் புனித மாற்கு தேவாலயம், 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது, 1857இல் திறக்கப்பெற்றது. இலங்கையில் மறைந்த ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களை ஜே. பி. லூயிஸ் என்பார் தொகுத்து 1913இல் நூலாக்கினார். அன்னாரின் வழித்தோன்றல்கள் குடும்பப் பெயரைக் கொண்டு தேவாலயப் பெயரடைவைப் புரட்டினால், முன்னோரின் ஞானஸ்நானமும் திருமணமும் பெரும்பாலும் கைக்கு எட்டும்.

அதே மலைச்சாரலில் கோப்பியும் தேயிலையும் வளர்த்த தமிழரின் பேரர் தேடப் புகுந்தால் என்னாகும்? 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் வழியே கிறித்தவரானோர் சிலர்க்கேனும் பதிவுண்டு. ஏனையோர் பலரின் திருமணம் லயத்து வாயிலில் தாலி கட்டியதோடு நிறைவுற்றது, பதிவாளரை நாடவில்லை. பதிவிருந்தும் பயன் குறைவு. இராமாயி ஓரேட்டில் ஆங்கில 'ஆர்' எழுத்திலும், பிறிதோரேட்டில் 'ஐ' எழுத்திலும் நிற்பாள். காளிமுத்து 'சி', 'கே' என்னும் இரண்டிடத்தும் அலைவான். குடும்பப் பெயரோ தமிழர்க்கு இல்லை.

இஃது ஏட்டுச் சிக்கல் மட்டும் அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அதற்குமுன் இலங்கையிற் பிறந்தவனிடமும், அவன் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பாட்டன் பிறப்பை யார் எழுதிவைத்தார்? 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என வகுத்தது. நாடற்று எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

பதுளையில் தமிழ் கற்பிக்கும் யான், கொடிவழி தேடும் மாணாக்கர்க்குச் சங்கப் புலவர் பெயர்களையே வழிகாட்டியாகக் கூறுவேன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஊர், தொழில், தந்தை: இவையே தமிழனின் அடையாளம். ஆதலின் பெயரை முதலில் தேடற்க, தோட்டத்தைத் தேடுக. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் உறைவிடமும் காணப்பெறும். தோட்டத்திற்கு ஆங்கிலப் பெயரொன்றும் தமிழ்ப் பெயரொன்றும் இருத்தல் கூடும். இரண்டையும் அறிந்து செல்க. கங்காணியின் பெயரையும் தமிழகத்துப் பூர்வீக ஊரையும் குறித்துக்கொள்க; ஓர் ஊரார் ஒரு கங்காணியின்கீழ் வந்தமை பெருவழக்கு.

அவ்விரண்டையும் அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் லயங்களில் உளர். ஏடு எங்கும் ஓடிவிடாது, அவர்களுக்கோ முதுமை. ஆசிரியப் பெருமக்கள் இவ்விடுமுறையிலேயே மாணவர் கையில் ஒரு குறிப்பேடு கொடுத்து, ஊர், தோட்டம், கங்காணி, தந்தை, தாய் என ஐந்து பத்தி வரைவித்து அனுப்புவார்களாக.