ஓடினால்தான் வண்டி

பழைய பொருள் என்றால் நம்மவர்களுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, பரணில் ஏற்றி வைப்பது. மற்றொன்று, பேரீச்சம்பழக்காரனிடம் போடுவது. பாட்டியின் பித்தளைக் குடத்துக்கும் தாத்தாவின் மோட்டார் வண்டிக்கும் இந்த விஷயத்தில் நாம் பேதம் பாராட்டுவதில்லை. ஆனால் குடம் பரணில் பத்து வருஷம் இருந்தாலும் குடமாகவே இருக்கும். மோட்டார் வண்டியோ கொட்டகையில் நிற்க நிற்க வண்டியாக இருப்பதை விட்டு இரும்பாக மாறிக்கொண்டே வரும். இதை உணர்ந்தால், பழைய வண்டியைத் துடைத்து, எண்ணெயிட்டு, ஓட்டி மகிழ்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கமாட்டோம்.

வயது முதிர்ந்த நேயர்களுக்கு 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' நினைவிருக்கும். 1948-ல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூருக்கு அருகிலிருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் அதைச் செய்து வந்தது. உருவம் வகுத்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். மூல வண்டி இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்தது. ஆனால் இங்கிலாந்து ஸலூனுக்கு இரண்டே கதவுகள். மாமியாரும் மருமகளும் குழந்தைகளும் பின்னால் ஏறி இறங்கும் நமது குடும்பங்களுக்கு அது போதுமா? ஆகையினால் 1960-களின் பிற்பகுதியில் நம் தொழிற்சாலையே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. உலகில் வேறெங்கும் அப்படிப்பட்ட ஹெரால்டு செய்யப்படவில்லை. பிறகு 'கஸல்' வந்தது. 1988-க்குப் பின் அந்தத் தொழிற்சாலையிலிருந்து காரே வரவில்லை. உத்தரபாடாவில் பிறந்த அம்பாஸடர் 1958 முதல் 2014 வரை நீடித்தது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஓர் அன்பருக்குத் தகப்பனார் வழியாக இந்த நான்கு கதவு வண்டி வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகையில் அவர் பாக்கியசாலி. கடலோர ஊர்களின் உப்புக் காற்று அங்கே இல்லை. தகட்டைத் துரு தின்பது தாமதப்படும். செம்மண் புழுதியும், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியும் வேறு கதை. அவற்றுக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்வதுதான் மருந்து.

வெகுநாள் நின்ற வண்டியைக் கண்டதும் சாவியைத் திருகிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அது கூடாது. ஸிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய் வடிந்து, வளையங்களில் துரு ஏறியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, இஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கிலுள்ள பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை வடித்துவிட வேண்டும். மின்சாரக் கம்பிகளை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இஞ்சின் உயிர் பெறுவதற்கு முன் பிரேக்கின் ரப்பர்கள் மாற்றப்பட வேண்டும். ஓடாத வண்டியால் ஆபத்தில்லை. நிற்காத வண்டியால்தான் ஆபத்து!

இங்கேதான் ஹெரால்டின் அருமை தெரியும். உடற்கூட்டை ஒரே துண்டாகச் செய்து தர அக்காலத்தில் கம்பெனி அமையாததால், தனிச் சட்டத்தின் மேல் பல துண்டுகளைப் போல்ட்டுப் போட்டு இறுக்கினார்கள். அன்று சங்கடத்தால் நேர்ந்தது இன்று வரமாகிவிட்டது. ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் கழற்றிச் சீர்ப்படுத்தலாம். முன்மூடியைத் தூக்கினால் சக்கரக் காப்புகளும் சேர்ந்தே எழும்பி, 948 ஸி.ஸி. இஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம்!

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் வேறு. 2000-ம் ஆண்டில் நமது நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு இருக்கைகள் அதனால் தேயக்கூடும். கடினமான இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது நல்லது. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் ஓட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் சரி, உதிரிச் சாமான்களுக்கு எங்கே போவது? இஞ்சின், பிரேக் சாமான்களில் பலவற்றை இங்கிலாந்தில் ஹெரால்டுப் பிரியர்களுக்கென்று இன்றும் செய்து விற்கிறார்கள். ஆனால் அந்தப் பின்கதவும் அதன் கண்ணாடியும் இங்கிலாந்துக்காரர் கண்ணால் பார்த்திராத பொருள்கள். அவை மற்றொரு நான்கு கதவு ஹெரால்டிலிருந்துதான் வரவேண்டும். அல்லது லேத் பட்டறையிலும் தகட்டுப் பட்டறையிலும் ஒரு கைகாரர் செய்து தரவேண்டும். நம் நாட்டுக்கே உரிய பகுதிதான் முதலில் அழியப் போகிறது! 1970-ல் இருபது வயதில் இந்த வண்டியைக் கற்ற மெக்கானிக் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார். அவர் விரல்கள் அறிந்தது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. ஆகவே வண்டியைப் பிரிக்கும்போது ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி, அவன் கையிலும் ஒரு ஸ்பானரைக் கொடுப்பது வண்டிக்காரரின் கடமை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2021-ல் மத்திய சர்க்கார் செய்த விதியின்படி, ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, உருமாற்றப்படாத சொந்த வண்டியைப் புராதன வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷ காலத்துக்கு. கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் கண்காட்சி, ஆராய்ச்சி, ஊர்வலப் பந்தயம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கன்றி அதைத் தெருவில் ஓட்டலாகாது. குடும்பத்தோடு கோயில் குளம் போக விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொண்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைப் பரீட்சைக்குக் காட்டிப் புதுப்பித்து வருவதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

கோயமுத்தூரில் ஜீ.டி. கார் மியூஸியமும், சென்னையில் ஏவி.எம். மியூஸியமும் பழைய வண்டிகளைக் காப்பாற்றி நமக்குக் காட்டுகின்றன. அந்தத் தொண்டு பெரியது. ஆனால் ஊருக்கு ஊர் மியூஸியம் வைக்க முடியாது. ஊருக்கு ஒரு வண்டியாவது ஓடலாம்.

பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூரில் ஒரு மரம் இருக்கிறது. சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்து, கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அழியவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் துளிர்க்கவும் மாட்டாது. கொட்டகையில் போர்வை போர்த்திப் பூட்டிய மோட்டார் வண்டியின் கதியும் அதுவே.

ஹெரால்டு அன்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லாரிகள் புறப்படுமுன் கிளம்பட்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். கடைத்தெருவில் திரும்ப வேண்டியிருந்தால் 25 அடி வட்டத்துக்குள் அந்த வண்டி திரும்பிவிடும். அங்கிருந்து ஜயங்கொண்டம் வழியாக, ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நிதானமாகப் போகலாம். வழியில் டீக்கடை வாசலில் வண்டி நின்றால், "இது எங்கே செய்தது, ஸார்?" என்று யாராவது கேட்காமலிருக்கமாட்டார்கள். "வண்டலூரில்" என்று அவர் சொல்லட்டும். கேட்டவர் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்துக்காகவே, செலவழித்த பணம் அத்தனையும் தகும்.