சைக்கிள் பம்பும் பழைய காரும்

சைக்கிள் கடையில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கைப்பம்பை எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாது. கடைக்காரர் பம்பைக் கழற்றுவார். உள்ளே தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். அதில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் விரித்து மாட்டுவார். அடுத்த அடியிலேயே காற்று ஏறும். தோலுக்குப் பெயர்போன ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்தில் இது புதுமையன்று. ஆனால், இதே உத்தியால் ஒரு காரின் இன்ஜினைப் பிரிக்காமலேயே அதன் கோளாற்றைக் கண்டறியலாம் என்பது தெரியுமா?

விரிஞ்சிபுரத்தில் இருக்கும் உங்கள் சித்தப்பா, பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலாற்றங்கரையின் சமதளச் சாலையில் அது நன்றாகத்தான் ஓடுகிறது. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்த்தால் திணறுகிறது. மெக்கானிக், “கம்ப்ரஷன் குறைஞ்சிருக்குதுங்க” என்கிறார். அப்படியென்றால் என்ன?

இன்ஜினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அமுக்குகிறது. பிறகே தீப்பொறி. 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 796 கன செ.மீ.; ஒன்றுக்குச் சுமார் 265. அமுக்க விகிதத்தை 9 என்று கொண்டால், ஏறத்தாழ 300 கன செ.மீ. இடத்திலிருந்த கலவை 33 கன செ.மீ. இடத்தில் அடைபடுகிறது.

ஏன் அமுக்க வேண்டும்? 1860-இல் லெனுவார் பிரான்சில் உருவாக்கிய இன்ஜின், கலவையை அமுக்காமலேயே எரித்தது. அது எரிவாயுவை ஏராளமாகக் குடித்து, குறைவாகவே வேலை செய்தது. 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ, கலவையை அமுக்கியபின் எரிக்கும் நான்கு வீச்சு இன்ஜினை அமைத்தார். அமுக்கிய வாயு எரிந்தால் அது நெடுந்தூரம் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அதே எரிபொருளில் அதிக வேலை கிடைக்கும். கம்ப்ரஷன் குறைந்த கார், இந்த ஆதாயத்தை இழந்த கார்.

இனிச் சோதனை. இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு, எரியூட்டும் மின்சாரத்தையும் பெட்ரோலையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றுவார்கள். ஒரு பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்றுவார்கள். பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். மெதுவாகச் சுழன்றால் காற்று கசிய அதிக நேரம் கிடைத்து, அளவு பொய்யாகக் குறையும்.

மானி எவ்வளவு காட்டும்? பாயில் விதிப்படி கணக்கிடுவோம். கன அளவு ஒன்பதில் ஒன்றானால் அழுத்தம் 9 மடங்காகும். வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, 9 மடங்கு என்றால் 132. மானி வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தே காட்டும் என்பதால் சுமார் 118. ஆனால் நல்ல இன்ஜினில் இது பெரும்பாலும் 150-ஐத் தாண்டுகிறது! பாயில் விதி பொய்த்ததா? இல்லை. வெப்பநிலை மாறாதிருந்தால்தான் அவ்விதி பொருந்தும். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அமுக்கப்படும் காற்று சூடேறி, அழுத்தத்தை இன்னும் உயர்த்துகிறது. பம்பு அடிக்கும்போது அதன் அடிப்பாகம் கையைச் சுடுவதும் இதனால்தான்.

சித்தப்பா பார்த்த காரில் அளவுகள் 160, 155, 90 என்று வந்தால், மூன்றாம் சிலிண்டரில் கசிவு என்று தெரிகிறது. கசிவது எங்கே? பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கீழேயா, வால்வுகளின் வழியாக மேலேயா?

இப்போது சைக்கிள் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். எண்ணெய் பிஸ்டன் மேல் பரவி வளையங்களின் இடுக்குகளை அடைக்கும். மேலேயுள்ள வால்வுகளை எட்டாது. ஆகவே அளவு 135-க்கு உயர்ந்தால் கோளாறு வளையத்திலோ தேய்ந்த சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களும் சேர்ந்தே குறைந்திருந்தால், அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 33 கன செ.மீ. இடத்தில் 5 கன செ.மீ. எண்ணெய் விட்டால் மிஞ்சுவது 28. அதனாலேயே அமுக்கம் சற்றுக் கூடிவிடும்! எனவே நல்ல சிலிண்டரிலும் அதே அளவு எண்ணெய் விட்டு ஒப்பிட வேண்டும். அங்கே 10 பவுண்டு ஏறி, பழுதானதில் 45 ஏறினால்தான் வளையத்தின் குற்றம் உறுதியாகும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் ஒப்பீட்டுச் சோதனையும் இதுவே.

இது வெறும் அறிவு விளையாட்டன்று. வால்வுக் கோளாறு என்றால் பெரும்பாலும் இன்ஜினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சீர்செய்யலாம். சிலிண்டர் சுவர் தேய்ந்திருந்தால் இன்ஜினையே இறக்கிப் பிரிக்க நேரும். காரின் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே சித்தப்பா பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். வண்ணப் பூச்சும் புது இருக்கை உறையும் சொல்லாத உண்மையை மூன்று எண்களும் ஒரு கரண்டி எண்ணெயும் சொல்லிவிடுகின்றன.

செய்து பாருங்கள்: தோல் வாஷர் உள்ள சைக்கிள் பம்பின் நுனியைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்துங்கள். பிறகு வாஷருக்கு எண்ணெய் விட்டு மறுபடி அழுத்துங்கள். விரல் உணரும் வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். கார் இன்ஜினில் மட்டும் மெக்கானிக் துணையின்றிக் கை வைக்காதீர்கள்.