கோடு உறையும் நாள்

2025 டிசம்பர் 31-ஆம் தேதிக்குப் பிறகு, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடியும்வரை மாவட்டம், வட்டம், நகரம், கிராமம் ஆகியவற்றின் எல்லைகளை எந்த மாநிலமும் மாற்றலாகாது என்ற கட்டளை வெளியானது முதல், “எங்கள் ஊர் இனி மாநகராட்சியா, ஊராட்சியா?” என்றும், “வெள்ளாற்றுக்குத் தெற்கே கிடக்கும் என் வயல் எந்தக் கணக்கில் வரும்?” என்றும் புதுக்கோட்டை வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை ‘நிர்வாக வசதி’ என்று அதிகாரிகள் கூறுவது பாதி விளக்கமே. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் தந்து, அந்த எண்ணின் கீழ் சில நூறு பேர் கொண்ட சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஆட்களை எண்ணுகிறார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே கோடு நகர்ந்தால் ஒருவர் இருமுறை பதிவாவார், அல்லது எங்குமே பதிவாகாமல் போவார் என்பதால் கோட்டை அசையாமல் நிறுத்திவிடுகிறார்கள். யுக்தி சிறந்ததுதான். என்னைக் கலங்க வைப்பது அதன் பின்விளைவு: அன்று எந்தப் பக்கம் இருந்தோமோ அந்தப் பக்கத்து மனிதராகவே அடுத்த கணக்கெடுப்பு வரையில் ஏடுகளில் வாழ்கிறோம். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாநகராட்சியானபோது, சுற்றுப்புற ஊராட்சிகளை அதனோடு இணைப்பதை ஊரார் எதிர்த்தது, நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்ற நியாயமான பயத்தினால்தான்.

இந்த மண்ணுக்குக் கோடு புதிதன்று. வெள்ளாற்றின் வடகரை கோனாடு, தென்கரை கானாடு என்று நம் முன்னோர் பிரித்தனர். சென்னை மாகாணத்துக்குள் தனித் தீவுபோல் இருந்த புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம், 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-இல், தஞ்சையிலிருந்து வந்த பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டமாயிற்று. நார்த்தாமலைப் பாறை முதல் மணமேல்குடிக் கடற்கரை வரை, 2011 கணக்கின்படி 16,18,345 பேர். அவர்களுள் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள்.

ஆற்றைக் கோடாக்குவதன் கொடுமையைக் காண, மத்திய ஆசியாவின் பதக்ஷான் மலைநாட்டைப் பார்க்க வேண்டும். 1873-இலும் 1895-இலும் ஆங்கிலேயரும் ருஷ்யரும் பேசி முடித்த எல்லை பஞ்ச் ஆற்றின்மேல் விழுந்ததும், ஷுக்னி, வாக்கி முதலிய மொழிகளைப் பேசிய உறவினர்கள் இரு கரைகளிலும் வெவ்வேறு ஆட்சிக்கு உட்பட்டார்கள்; இன்று ஒரு கரை ஆப்கானிஸ்தானம், மறு கரை தஜிகிஸ்தானம்.

நம் வெள்ளாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். காலால் நடந்தே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். ஆனால் கண்மாயைக் கவனியுங்கள். வரத்துக்கால் ஓர் ஊரில், கரை வேறோர் ஊரில், மடை வழியே பாயும் வயல் மூன்றாவது ஊரில் என்று அமைவது இங்கே சாதாரணம். கலிங்கில் வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மழை நாளில் மடைக்கல்லைத் தூக்க மண்வெட்டியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்தால், யார் எந்த ஊராட்சி என்று அடையாளம் காண முடியாது. நகரத்தை ஒட்டிய கவிநாட்டுக் கண்மாய்க்கு நீர் வரும் வழியெல்லாம் கிராமமாகவும், நீர் நிற்குமிடம் நகரமாகவும் கணக்காகுமானால், வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பு யாருடையது என்பதைக் கோடு வரைபவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: வீட்டுப் பட்டியல் வேலை 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில்.

ஆட்களை எண்ணுவதற்கான கணக்கு நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. பனி மூடும் லடாக் போன்ற பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1.

சாதி கேட்பார்களா? கேட்பார்கள்.

வெள்ளாற்றுக்குத் தெற்கே உள்ள வயலுக்கு உரியவர் அஞ்ச வேண்டியதில்லை. அவர் குடியிருக்கும் வீட்டில் அவரை எண்ணுவார்கள், வயலை எண்ணமாட்டார்கள்.