உவர் நிலத்து நெல்லும் வேரிலுள்ள வாயில்களும்

உவர் பூமியில் நாற்று நட்ட சில தினங்களுக்குள் இலை நுனி வெளுத்துச் சுருண்டு கருகுவதைக் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். சத்துக் குறைவென்று எண்ணி மேலும் எருவிடுவோரும் உண்டு. நானும் உத்தியோகத்திற்கு வந்த புதிதில் ஒருவருக்கு அவ்விதமே யோசனை சொல்லி, அவர் வாங்கிய அமோனியம் சல்பேட் மூட்டைகளை வீணாக்கினேன். அவ்வுரமும் ஓர் உப்பே என்பதை அப்பொழுது நினைக்கவில்லை. பயிரைக் கெடுத்தது தண்டில் ஏறிய சோடியம்.

அது ஏறாமல் தடுக்கும் ஏற்பாடொன்று நெல்லின் வேரில் உண்டு. நீர் மேலேறும் குழாய்களை அடுத்துள்ள ஜீவ அணுக்களை மூடிய மெல்லிய கொழுப்புச் சவ்வில், புரதத்தாலான வாயில்கள் பதிந்திருக்கின்றன. இவை மேலே செல்லும் நீரினின்று சோடியத்தைப் பிரித்து வேரிலேயே நிறுத்துகின்றன. வங்காளத்து நோனா போக்ரா என்னும் உவர் தாங்கும் நெல்லில் இவ்வாயிலுக்குரிய மரபுக்கூறு இன்னதென்று 2005-ஆம் வருஷம் வெளியாயிற்று. ஜப்பானியரின் கோஷிஹிகாரி நெல்லிலும் அதே வாயில் உண்டு. 500-க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் 4 மாத்திரமே வேறு!

இவ்வாயில் சவ்வில் போய்ச் சேரும் விதம் கவனிக்கத்தக்கது. புரதச் சங்கிலியைக் கோப்பது ரைபோசோம் என்னும் நுண்ணிய உறுப்பு. வாயிற்புரதத்தின் பல பாகங்கள் நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுபவை. நீரில் தனியே விட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பாழாகும். ஆகவே அத்தகைய முதற்பாகம் வெளியே தலைகாட்டியவுடன், தூதன் போன்ற ஒரு துகள் அதைப் பற்றி, ரைபோசோமையும் சேர்த்தே அணுவினுள் இருக்கும் வலைப்பின்னற் சவ்வுக்கு இட்டுச் செல்கிறது. சங்கிலி கோக்கப்படும்பொழுதே அச்சவ்வில் தைக்கப்படுகிறது. புரதங்கள் தாம் சேரவேண்டிய இடத்தைக் குறிக்கும் அடையாளத்தைத் தம்மிடமே கொண்டுள்ளன என்று காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

சரியாக மடியாத புரதம் அங்கேயே தடுக்கப்பட்டு அழிக்கப்படும். தேறியது சவ்வுத் துண்டோடு சிறு குமிழாகப் பிரிந்து, கோல்கி என்னும் அடுக்குகளைக் கடந்து, வெளிச்சவ்வை அடைகிறது. அங்கே குமிழின் சவ்வு வெளிச்சவ்வோடு ஒன்றாகக் கலந்துவிடும். வாயிலோ, பிறந்தது முதல் ஒரு கணமும் சவ்வை விட்டு நீங்கவில்லை. வேர் மண்ணோடு பெயர்த்து நடும் கன்றைப் போன்றதே இது. குமிழின் உட்புறம் நோக்கியிருந்த முகம் இப்பொழுது அணுவின் வெளிப்புறம் நோக்கும். இக்குமிழ்ப் போக்குவரத்தை ஆராய்ந்த ராத்மன், ஷெக்மன், சூதோஃப் மூவரும் 2013-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

எவ்வளவு வாயில்கள் அமைந்தாலும், உப்பு வரம்பு மீறினால் அவை ஈடுகொடா. நெல் உப்பை மிகக் குறைவாகத் தாங்குவது இளநாற்றிலும் பூக்கும் தருணத்திலுமே. ஆதலின் உவர் வயலில் நடவுக்கு முன் நன்னீர் கட்டி வடித்து, சற்று முற்றிய நாற்றாகத் தேர்ந்து, குத்துக்கு ஓரிரண்டு கூட்டி நடுக. கிடைக்கும் நன்னீரில் ஒரு பங்கைக் கதிர் பூக்கும் வாரங்களுக்கென்று நிறுத்தி வைப்பது அவசியம்.