கோபுரம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் இயேசு வினவியதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சீடராவதன் விலையை உணர்த்தவே இவ்வுவமையைக் கூறினார். எனினும், சிறு அலுவலகம் நடத்துவோருக்கும் இதில் நல்ல பாடம் உண்டு.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டின் இருமருங்கிலும் நோக்குங்கள். அச்சகம், கட்டட ஒப்பந்தக்காரர் அலுவலகம், தணிக்கையாளர் அலுவலகம் என நான்கைந்து பேர் பணிபுரியும் இடங்கள் பல. பங்கு அலுவலகமும் அத்தகையதே. இங்கெல்லாம் வேலை நாட்குறிப்பில் பாதியும், கைப்பேசிச் செய்திகளில் பாதியுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஏழை மாணவி ஒருத்தியின் உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதாக ஒருவர் மற்றவரை நம்பியிருக்க, இறுதி நாள் கடந்துவிட்டால் இழப்பு யாருக்கு? அலுவலகத்தாருக்கு அன்று, அந்தப் பிள்ளைக்கே!

இக்குறையைப் போக்க வந்ததே திட்ட மேலாண்மை மென்பொருள். என்ன வேலை, யார் பொறுப்பு, எந்நாளுக்குள், இப்போது எந்நிலையில் என்னும் நான்கு வினாக்களுக்கும் அனைவரும் காணுமாறு விடை தருவதே அதன் தொழில். கருத்து புதிதன்று. அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட், முதல் உலகப்போர்க் காலத்திலேயே வேலைகளைக் காலக் கோடுகளாக வரைந்து காட்டினார். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலை, கான்பன் எனப்படும் அட்டைகளைக் கொண்டு வேலையின் ஓட்டத்தைச் சீர்ப்படுத்தியது. ஏன், 1936இல் தொடங்கப்பெற்ற நம் பூந்தமல்லித் திரு இருதயக் குருத்துவக் கல்லூரியில் பயின்றோர், பணியையும் நேரத்தையும் பொருத்தும் கலையை மணியோசையிலேயே கற்றனர் அன்றோ!

இத்துறையில் நம் சென்னைக்கும் பெருமையுண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றி, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம், ஜோஹோ புராஜெக்ட்ஸ் என்னும் மென்பொருளை 2006இல் வெளியிட்டது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. சிற்றூர் இளைஞர் உழைப்பும் உலகச் சந்தையை எட்டும் என்பதற்கு இது சான்று. ஆயினும், நம்மூர்ப் பொருள் என்பதனாலேயே வாங்கிவிடலாகாது. நம் தேவைக்குப் பொருந்துகிறதா எனச் சீர்தூக்கல் வேண்டும். அதற்கு நான்கு அளவுகோல்கள் உள.

முதலாவது, முழுச் செலவு. பெரும்பாலான மென்பொருள்களுக்கு ஆள் கணக்கில் மாதந்தோறும் கட்டணம். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு மாதம் 300 ரூபாய் எனக் கொள்வோம். ஐவருக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய். 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 3,240 ரூபாய். ஆக 21,240 ரூபாய். சிறிதெனத் தோன்றிய தொகை வளர்ந்துவிட்டதைக் காண்கிறீர்கள். இலவசத் திட்டங்களும் உண்டு. ஆனால் இலவசம் நிலையானதன்று. 2011இல் தோன்றிய ட்ரெல்லோ, 2017இல் அட்லாசியன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2024இல் அதன் இலவசப் பயன்பாடு ஒரு குழுவுக்குப் பத்துப் பேர் என வரையறுக்கப்பட்டது.

இரண்டாவது, எளிமை. அலுவலகத்தில் கணினிப் பழக்கம் மிகக் குறைந்தவர் யாரோ, அவரே தேர்வாளராக இருக்கட்டும். அவர் தம் கைப்பேசியில் ஒரு வேலையைத் தமிழில் எழுதி, முடிந்ததைக் குறிக்க இயலாவிடில், ஏனைய வசதிகளால் பயனில்லை.

மூன்றாவது, வெளியேறும் வழி. நாம் பதிந்த விவரங்கள் அனைத்தையும் அட்டவணைக் கோப்பாகத் திரும்ப எடுக்க முடிகிறதா எனப் பணம் கட்டுமுன் சோதியுங்கள். வாசல் ஒன்றே உள்ள வீட்டிலும் அது உள்ளிருந்து திறக்க வேண்டுமல்லவா?

நான்காவது, மறைபொருள் காத்தல். இந்திய நாடாளுமன்றம் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் நிறைவேற்றியது. சட்டம் இல்லாவிடினும் அன்பு நம்மைக் கட்டுப்படுத்தும். நோயாளியின் பிணியையும் குடும்பத்தின் பூசலையும் பலர் காணும் பலகையில் எழுதலாகாது. ‘இல்லச் சந்திப்பு, வியாழன்’ என்பதே போதும்.

இவ்வளவும் பார்த்தபின், இரண்டு மென்பொருள்களை மட்டும் தெரிந்துகொண்டு, பங்குத் திருவிழா ஏற்பாடு போன்ற ஓர் உண்மையான வேலையை இரு வாரம் அதில் நடத்திப் பாருங்கள். மூவர் மட்டுமே உள்ள அலுவலகமாயின், சுவரில் ஒரு கரும்பலகையும் திங்கட்கிழமை காலையில் கால்மணி நேரக் கூட்டமும் போதுமானவையாகலாம். அவ்வாறாயின், மிஞ்சும் பணம் பிள்ளைகளின் கல்விக்கு ஆகட்டும்.

இறுதியாக ஒன்று. தனியொருவராய் மக்களுக்கு நீதி வழங்கிச் சோர்ந்த மோசேக்குப் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கக் கற்பித்தவர் அவருடைய மாமனார் இத்திரோ (விடுதலைப் பயணம் 18). பகிர்வதற்கு மனமில்லாத தலைவருக்கு எம்மென்பொருளும் உதவாது. உழைப்பு மனிதனுக்காகவே என்று புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தம் சுற்றுமடலில் போதித்தார். ஆகவே, திரையில் சிவப்பாய் ஒளிரும் ‘தாமதம்’ என்னும் சொல்லைக் கண்டதும் பணியாளரைக் கடிந்துகொள்ளாமல், அவர் சுமை யாதென வினவுங்கள். ஞாயிறன்று அவர் கைப்பேசி ஓய்ந்திருக்கட்டும். பணியும் செழிக்கும்; பணியாளரின் இல்லத்தில் அமைதியும் நிலவும்.